ஏழு காலி ட்யூப்கள்: தோல் ஓ.பி.யில் ஒரு படர்தாமரைக் குடும்பம்

அந்த அக்கா உட்காரும் முன்பே கையிலிருந்த மஞ்சள் பையைக் கவிழ்த்தார். மேசையில் ஏழு ட்யூப்கள் விழுந்தன. ஏழும் அடியிலிருந்து சுருட்டி, கடைசிச் சொட்டு வரை பிதுக்கி எடுத்தவை. "இதுல எதைப் போட்டாலும் மூணு நாள்தானுங்க டாக்டரம்மா, நாலாம் நாள் மறுபடி வந்துருது" என்றார். அதற்கப்புறம்தான் உட்கார்ந்தார்.

இதை எழுதப்போகிறேன் என்று அவரிடம் சொல்லி, சம்மதம் வாங்கித்தான் எழுதுகிறேன். பெயர், தெரு, கம்பெனி எதுவும் வராது, அடையாளம் தெரியாதபடி சில விவரங்களை மாற்றியும் இருக்கிறேன். திருப்பூர்ப் பக்கம் ஓர் அரசு மருத்துவமனையின் தோல் பிரிவு என்பது மட்டும் போதும். தோல் ஓ.பி.க்கு எந்த நோய் அதிகம் வருகிறது என்று யாராவது கேட்டால், பதிவேட்டைப் பார்த்து 'படர்தாமரை' என்று ஒரே வார்த்தையில் சொல்லிவிடலாம். பல வருடம் நானும் அப்படித்தான் சொல்லிக்கொண்டிருந்தேன். ஓ.பி. சீட்டு ஒருவர் பெயரில் போடப்படுகிறது, நோயோ ஒரு வீடு முழுக்க இருக்கிறது, சில சமயம் அந்த வீட்டை ஒட்டிய வீடுகளிலும் இருக்கிறது. இந்த ஒரு குடும்பத்தைப் பார்த்த பிறகு சீட்டை நான் படிக்கும் விதமே மாறிவிட்டது.

அவருக்கு முப்பதுகளின் நடுவயது. பனியன் கம்பெனியில் செக்கிங் வேலை. காலை எட்டரைக்குப் போனால் ஒன்றரை ஷிப்ட் முடித்து இரவுதான் வீடு திரும்புவார். தகரக் கூரை போட்ட செட், சித்திரை வெயில், நாள் முழுக்க நின்றபடி வேலை. முதல் வட்டம் இடுப்பில் வந்தது, பாவாடை நாடா இறுக்கும் இடத்தில். இது நடந்து ஒன்பது மாதம் ஆகிறது. வேர்வைப் படைதானே என்று தேங்காய் எண்ணெயும் மஞ்சளும் தடவியிருக்கிறார். அது கேட்கவில்லை என்றதும் கம்பெனிக்குப் போகும் வழியில் இருந்த மெடிக்கலில் "படைக்கு நல்லதா ஒரு ஆயின்மென்ட் குடுங்க" என்று கேட்டு வாங்கியிருக்கிறார். தடவிய அன்று ராத்திரியே அரிப்பு நின்றுவிட்டது. மூன்றாம் நாள் சிவப்பும் வடிந்துவிட்டது. இவ்வளவு நல்ல மருந்தா என்று அவர் சந்தோஷப்பட்டதில் தப்பே இல்லை, யாராக இருந்தாலும் அப்படித்தான் நினைத்திருப்பார்கள்.

ட்யூபில் பொடி எழுத்தில் இருந்ததை நான் வாசித்துக் காட்டினேன். பூஞ்சையைக் கொல்ல ஒரு மருந்து, பாக்டீரியாவுக்கு ஒன்று, அமீபா மாதிரிக் கிருமிகளுக்கு ஒன்று, நான்காவதாக குளோபிட்டசால். தோலில் தடவும் ஸ்டீராய்டுகளிலேயே மிக வீரியமான வகுப்பைச் சேர்ந்தது இந்த குளோபிட்டசால். தடித்துப்போன சோரியாசிஸ் படைக்குச் சில வாரம், அளந்து, உள்ளங்கை உள்ளங்காலில் போடச் சொல்லி நாங்கள் எழுதும் மருந்து அது. தொடை இடுக்கிலும் மார்புக்கு அடியிலும் கன்னத்திலும் ஒன்பது மாதம் போடுவதற்கானது அல்ல. ஏழு ட்யூபில் ஐந்தில் குளோபிட்டசால் இருந்தது, ஒன்றில் பீட்டாமெத்தசோன். ஸ்டீராய்டு இல்லாத ஒரே ட்யூப், நடுவில் ஒரு கிளினிக்கில் எழுதிக்கொடுத்தது. அங்கே டெர்பினாஃபின் என்ற பூஞ்சைக்கொல்லி 250 மி.கி. மாத்திரையும் இரண்டு வாரத்துக்குக் கொடுத்திருக்கிறார்கள், கூடவே இடுப்பில் ஓர் ஊசியும் போட்டிருக்கிறார்கள். என்ன ஊசி என்று சீட்டில் இல்லை. "ஊசி போட்டதும் ஒரு வாரம் சொர்க்கமாட்டம் இருந்துச்சுங்க" என்று அவர் சொன்னதைக் கேட்டால் அதுவும் ஸ்டீராய்டாக இருக்கத்தான் வாய்ப்பு அதிகம்.

பரிசோதனைக்குத் திரைக்குப் பின்னால் போனோம். உதவிக்கு நர்ஸ் அக்கா வந்தார். இதை ஏன் சொல்கிறேன் என்றால், தோல் நோய் ஓ.பி.யில் பாதி கண்டுபிடிப்பு திரைக்குப் பின்னால்தான் நடக்கிறது. கையை மட்டும் நீட்டிக் காட்டிவிட்டு மருந்து வாங்கிப் போகிறவர்கள் நிறைய. கூட்டம் நெரிக்கும் காலை வேளையில், காட்டிய இடத்தை மட்டும் பார்த்து எழுதிவிடலாம் என்ற எண்ணம் எங்களுக்கும் வரும். பெண்கள் தொடை இடுக்கைக் காட்டக் கூசுவார்கள். அங்கேதான் நோய் அதிகமாக இருக்கும்.

இடுப்பைச் சுற்றி பெல்ட் போட்டது போல ஒரே படை. பிட்டத்திலும் தொடையிலும் பெரிய பெரிய வட்டங்கள். பாடப்புத்தகத்தில் இருக்கும் படர்தாமரை, நடுவில் தெளிந்து ஓரம் மட்டும் சிவந்து செதில் உதிரும் ஒற்றை வளையமாக இருக்கும். இவருக்கு வட்டத்துக்குள் வட்டம், அதற்குள்ளும் ஒன்று. குளத்தில் கல் போட்டால் அலை விரியுமே, அந்த மாதிரி. ஸ்டீராய்டு தடவும்போது அடங்கி, விட்டதும் கிளம்பி, மறுபடி தடவும்போது அடங்கி, இப்படி ஒவ்வொரு முறையும் நடந்ததன் தடயம்தான் இந்த இரட்டை வளையங்கள். தொடையின் உள்பக்கம் தோல் காகிதம் போல மெலிந்து, பிரசவ வரி மாதிரி ஊதா நிறத்தில் கோடு கோடாகக் கீறியிருந்தது. வலது கன்னத்தில் ஓரம் சரியாகத் தெரியாத சிவப்பு, அதன் மேல் சின்னச் சின்னப் பருக்கள், உற்றுப் பார்த்தால் மெல்லிய ரத்த நாளங்கள். கன்னத்தை அவர் மங்கு என்று நினைத்திருந்தார். அதற்கும் அதே ட்யூப்தான்.

ஸ்டீராய்டு பட்டுத் தோற்றம் மாறிப்போன இந்தப் படர்தாமரை புதிதல்ல. 1968லேயே ஐவ், மார்க்ஸ் என்ற இரண்டு மருத்துவர்கள் பிரிட்டனில் இதை விவரித்து 'டினியா இன்காக்னிட்டோ' என்று பெயர் வைத்துவிட்டார்கள், மாறுவேடத்தில் இருக்கும் படர்தாமரை என்று பொருள். நான் முதுநிலை படித்தபோது தேர்வில் கேட்டால் எழுத வேண்டிய அபூர்வமாகத்தான் அது இருந்தது. இன்று எங்கள் ஓ.பி.யில் வேடம் போடாத படர்தாமரையைப் பார்ப்பதுதான் அபூர்வம். பயிற்சி மருத்துவர்களுக்கு இயல்பான ஒற்றை வளையத்தைக் காட்ட, கைக்குழந்தை யாருக்காவது வருமா என்று காத்திருக்க வேண்டியிருக்கிறது.

சரி, பார்த்தவுடன் தெரிகிறதே, அப்புறம் எதற்குச் சோதனை? முகத்துக்காக. ஸ்டீராய்டு மட்டும் போட்டே முகம் இப்படிச் சிவந்து பரு கிளம்பலாம். அடியில் பூஞ்சையும் இருக்கிறதா என்பது தெரியாமல் மருந்து தொடங்கக் கூடாது. படையின் ஓரத்தைச் சுரண்டி, உதிர்ந்த செதிலைக் கண்ணாடித் தகட்டில் வைத்து, 10 சதவீதப் பொட்டாசியம் ஹைட்ராக்சைடு கரைசல் ஒரு சொட்டு விட்டு, கொஞ்ச நேரம் ஊறவிட்டு நுண்ணோக்கியில் பார்ப்போம். காரம் தோல் செல்களைக் கரைத்துவிடும், பூஞ்சை இழைகள் மட்டும் கண்ணாடிக் குழாய் போலக் கிளை பிரிந்து நிற்கும். மிகச் சொற்பச் செலவில் முடிகிற சோதனை இது. இவருடைய மூன்று தகடுகளிலும் இழைகள் இருந்தன. கன்னத்துத் தகட்டில் வலை பின்னியது போல அடர்ந்து கிடந்தன. அந்த இடத்தில் எதிர்த்து நிற்கும் காவலையே ஸ்டீராய்டு தூங்கவைத்துவிடுவதால், பூஞ்சைக்குத் தோலின் கெரட்டினைத் தின்றபடி பெருகத் தடையே இருப்பதில்லை. அரிப்பும் சிவப்பும் உடம்பு சண்டை போடுவதன் அடையாளங்கள். ட்யூப் அந்தச் சண்டையை நிறுத்தியது, பூஞ்சையை விட்டுவிட்டது. இந்த இடத்தை அவருக்கு விளக்க எனக்கு ஐந்து நிமிடம் ஆனது, நுண்ணோக்கியில் அவரையே பார்க்கவைத்தேன். "இது எல்லாம் என் மூஞ்சியிலயாங்க?" என்று கேட்டுவிட்டுக் கொஞ்ச நேரம் பேசாமல் இருந்தார்.

டெர்பினாஃபின் ஏன் வேலை செய்யவில்லை என்பதையும் சொல்ல வேண்டும், ஏனென்றால் நம் நாட்டில் இந்தப் பத்து வருடக் கதையே அதுதான். முன்பு இந்தியாவில் படர்தாமரைக்குப் பெரும்பாலும் ட்ரைக்கோஃபைட்டான் ரூப்ரம் என்ற பூஞ்சைதான் காரணம். இரண்டு வாரம் டெர்பினாஃபின் கொடுத்தால் போய்விடும். 2010களின் நடுவிலிருந்து மென்டாக்ரோஃபைட்டிஸ் கூட்டத்தைச் சேர்ந்த வேறொரு வகை அந்த இடத்தைப் பிடித்தது. விலங்கிலிருந்து வரும் உறவினர்கள் இருந்தாலும் இது மனிதரிடமிருந்து மனிதருக்கே பரவுகிறது, வீடு வீடாகப் பரவுகிறது. 2020ல் ஜப்பானிய ஆய்வாளர்கள், இந்தியாவையும் நேபாளத்தையும் சேர்ந்த நோயாளிகளிடமிருந்து எடுத்த மாதிரிகளை வைத்து இதற்கு ட்ரைக்கோஃபைட்டான் இந்தோடினியே என்று தனிப் பெயர் கொடுத்தார்கள். பூஞ்சை தன் செல் சுவரை ஒட்டிய சவ்வைக் கட்ட ஸ்குவாலீன் எபாக்சிடேஸ் என்ற நொதி வேண்டும். டெர்பினாஃபின் போய்ப் பூட்டுப் போடுவது அந்த நொதியில்தான். நொதியின் 397ஆம் இடத்தில் ஃபினைல்அலனின் என்ற அமினோ அமிலத்துக்குப் பதிலாக லியூசின் வந்து உட்கார்ந்துவிட்டால் பூட்டு பொருந்தாது. 2023ல் நியூயார்க்கில் இரண்டு பெண்களுக்கு இதே பூஞ்சை வந்ததை அமெரிக்க நோய்க் கட்டுப்பாட்டு மையம் வெளியிட்டபோது உலகமே பேசியது. அதில் ஒருவர் அண்மையில் வெளிநாடு எதற்கும் போகாதவர். இங்கே எங்கள் ஓ.பி. வரிசையில் அதற்குள் பல வருடம் ஓடியிருந்தது.

இனத்தை உறுதிசெய்ய மரபணு வரிசை பார்க்க வேண்டும், சாதாரண ஓ.பி.யில் அது செய்வதில்லை. அதனால் இவர் சீட்டில் 'ஸ்டீராய்டால் மாறிய படர்தாமரை, உடல், தொடை இடுக்கு, முகம்' என்றுதான் எழுதினேன்.

எழுதும்போதே கேட்டேன், "வீட்டுல வேற யாருக்குங்க இருக்கு?"

"யாருக்கும் இல்லீங்க" என்றார் உடனே. வழக்கமாக வரும் பதில் இது. கொஞ்சம் பொறுத்து, "சின்னவனுக்குப் பின்னால ஒரு வட்டம் இருக்குதுங்க, பாப்பாவுக்குக் கழுத்துல லேசா" என்றார். இன்னும் பொறுத்து, "அவரு சொறிஞ்சுட்டேதான் இருப்பாரு, கேட்டா ஒண்ணுமில்லீம்பாரு." எல்லாரையும் கூட்டி வரச் சொன்னேன். ஒரு நாள் லீவு போட்டால் ஒன்றரை ஷிப்ட் கூலி போகும். இதைச் சொல்வது எனக்கு எளிது, செய்வது அவருக்கு எளிதல்ல. ஆனாலும் அடுத்த வியாழக்கிழமை இரண்டு பிள்ளைகளையும் அழைத்துக்கொண்டு அவருடைய மாமியார் வந்தார்.

பாப்பாவுக்குப் பதினொரு வயது. கழுத்தில் இரண்டு வட்டம், நெற்றி ஓரத்தில் ஒன்று. அம்மாவின் ட்யூபைத்தான் ஸ்கூலுக்குப் போகும் முன் தடவிக்கொண்டிருந்தாள், ஃபேர்னஸ் க்ரீம் மாதிரி முகம் வெளுக்கிறதாம். சின்னவனுக்கு ஆறு வயது, பிட்டத்திலும் அரைஞாண் கயிற்றுக்கு அடியிலும் இருந்தது. அந்தக் கறுப்புக் கயிற்றைப் பற்றிச் சொல்லியாக வேண்டும். குளித்தாலும் கழற்றுவதில்லை, வேர்வையும் தண்ணீரும் ஊறி எப்போதும் ஈரமாகவே தோலோடு ஒட்டிக்கிடக்கும், உதிர்ந்த செதில் அதன் முறுக்கில் தங்கிவிடும். உடம்பெல்லாம் ஆறிய பிறகும் இடுப்பில் மட்டும் மறுபடி மறுபடி கிளம்பினால் நான் முதலில் கயிற்றைத்தான் பார்ப்பேன். கயிறு கட்டுவது அவரவர் நம்பிக்கை, அதை ஏளனம் செய்து ஒரு பிரயோஜனமும் இல்லை. பழையதை எடுத்துவிட்டு, நோய் முழுதாகப் போன பிறகு புதிதாகக் கட்டுங்கள் என்று சொன்னால் பெரும்பாலும் ஒத்துக்கொள்கிறார்கள். தாலிக் கயிற்றுக்கு அதைக்கூடச் சொல்ல முடியாது. தினம் துவைத்துக் காயவைத்த பிறகு உடம்பில் படவிடுங்கள் என்றோ, மஞ்சள் கயிறாக இருந்தால் மாற்றிக்கொள்ளுங்கள் என்றோதான் சொல்வேன்.

மாமியார் சீட்டுப் போடவில்லை. பிள்ளைகளுக்குத் துணைக்கு வந்தவர். குழந்தையின் சட்டையைத் தூக்கிப் பிடிக்க அவர் கையை நீட்டியபோது முழங்கைக்குக் கீழே வெளிறிய ஒரு திட்டு கண்ணில் பட்டது. தேமல் என்றார், பல வருடமாக இருக்கிறதாம், அரிப்பும் இல்லை, வலியும் இல்லை. அரிக்காத திட்டுதான் எனக்குப் பயம். கண்ணை மூடச் சொல்லி, பஞ்சு நுனியால் தொட்ட இடத்தை விரலால் காட்டச் சொன்னேன். திட்டைச் சுற்றிலும் சரியாகக் காட்டினார், திட்டுக்குள் தொட்டபோது கை அசையவே இல்லை. முழங்கையில் நரம்பும் தடித்திருந்தது. தொழுநோய். பிழிந்து எடுத்தது போன்ற கூட்டத்தில், பெயர்கூடப் பதியாத ஒருவருக்கு. இந்தியா 2005 டிசம்பரில் தொழுநோயைப் பொதுச் சுகாதாரப் பிரச்சினை என்ற நிலையிலிருந்து நீக்கிவிட்டதாக அறிவித்தது, அதாவது 10,000 பேருக்கு ஒருவருக்கும் குறைவு என்ற கணக்கு. நோய் இல்லாமல் போய்விட்டது என்று அதற்கு அர்த்தமில்லை. அவருக்குத் தனிச் சீட்டுப் போட்டு, மறு வாரமே கூட்டு மருந்து தொடங்கினோம். அது இலவசம், விரல் மடங்குவதற்கு முன்னாலேயே பிடித்துவிட்டோம். "இத்தன வருசம் யாரும் தொட்டுப் பாக்கலீங்களே" என்றார் அந்தப் பாட்டி. அந்த வார்த்தை இன்னும் எனக்குள் இருக்கிறது.

கணவர் வரவில்லை. அவர் அயர்ன் மாஸ்டர், நீராவிப் பெட்டியோடு பத்து மணி நேரம் நிற்பவர். மூன்றாவது வாரம், சனிக்கிழமை சம்பளம் வாங்கிவிட்டு, திங்கட்கிழமை வந்தார். வீட்டிலேயே அதிக நோய் அவருக்குத்தான். தொடை இடுக்கு, பிட்டம், முதுகு, இரண்டு அக்குள், எல்லாம் இருந்தது. ஒன்றரை வருடமாக இருக்கிறதாம். அதாவது வீட்டுக்குள் முதலில் கொண்டுவந்தவர் அவர், மனைவியின் ஒன்பது மாதம் அதற்கப்புறம் தொடங்கியது. மெடிக்கலில் முதல் ட்யூபை வாங்கித் தடவத் தொடங்கியதும் அவர்தான். வெட்கத்தில் மறைத்துவைத்திருந்தார். மனைவியை மட்டும் குணமாக்கி அனுப்பியிருந்தால் மாதம் திரும்புவதற்குள் அவர் எட்டாவது ட்யூபோடு என் முன்னால் வந்திருப்பார்.

மருத்துவம் என்று பெரிதாக வித்தை எதுவும் இல்லை, பொறுமைதான் வேண்டியிருந்தது. அன்றே எல்லா ஸ்டீராய்டையும் நிறுத்தினோம். கணவன் மனைவி இருவருக்கும் கல்லீரல் சோதனை பார்த்துவிட்டு வேறொரு பூஞ்சை மருந்து, இட்ராகோனசோல் 100 மி.கி. காலை, இரவு. மனைவிக்குக் குடும்பக்கட்டுப்பாடு ஆபரேஷன் ஆகியிருந்தது, கர்ப்பம் தரிக்க வாய்ப்புள்ள பெண்களுக்கு இதை அப்படியே கொடுக்க முடியாது. இதய பலவீனம் உள்ளவர்களுக்கும் கூடாது, கொழுப்புக் குறைக்கச் சில மாத்திரைகள் சாப்பிடுகிறவர்களிடமும் கவனம் வேண்டும். இந்தக் கேப்சூல் வயிற்று அமிலத்தில்தான் கரையும், வெறும் வயிற்றில் போட்டால் பாதி வீண். அந்த அக்கா தினம் காலையில், அமிலத்தைக் குறைக்கும் கேஸ் மாத்திரை போடுகிறவர். ஒன்றரை ஷிப்ட் வேலைக்குப் போய் நேரத்துக்குச் சாப்பிடாதவர்களில் நிறையப் பேர் போடுகிறார்கள். அதை நான் கேட்காமல் விட்டிருந்தால் இட்ராகோனசோலும் கேட்காத பூஞ்சை என்று தப்பாக எழுதிவைத்திருப்பேன். கேஸ் மாத்திரையை நிறுத்தி, சாப்பாட்டுக்குப் பிறகு கேப்சூலைப் போடச் சொன்னேன். பிள்ளைகளுக்கு ஸ்டீராய்டு கலக்காத பூஞ்சை க்ரீம் மட்டும். தடவும் கணக்கை இரண்டு இரண்டாகச் சொல்லிக்கொடுப்போம்: வட்டத்தின் ஓரத்தைத் தாண்டி 2 செ.மீ. வரை, நாளைக்கு 2 வேளை, மறைந்த பிறகும் 2 வாரம்.

துணி விஷயத்தில்தான் நிறையப் பேசினேன். லைன் வீடு, ஐந்து குடும்பத்துக்குச் சேர்த்து ஒரு கொடி, ஒரு குளியலறை. ஒரே துண்டில் நால்வரும் துவட்டுகிறார்கள், பிள்ளைகள் இரண்டு பேரும் ஒரே போர்வை. ஆளுக்கொரு துண்டு, ஆளுக்கொரு சோப்பு, நோய் உள்ளவர் துணியைக் கொதிக்கும் வெந்நீரில் தனியாக நனைத்து, திருப்பிப் போட்டு நல்ல வெயிலில் காயவைப்பது, உள்ளாடையின் மடிப்பிலும் பாவாடை நாடா மடிப்பிலும் இஸ்திரி போடுவது. ஊருக்கெல்லாம் அயர்ன் போடுகிறவர் வீட்டில் இஸ்திரிப் பெட்டி இல்லை. அந்த வாரம் ஒன்று வாங்கினார்கள். லெகின்ஸை விட்டுப் பருத்திப் பாவாடை போடச் சொன்னதற்குப் பாப்பா மட்டும் முகத்தைச் சுளித்தாள்.

முதல் இரண்டு வாரம் மோசம். ட்யூபை நிறுத்தியதும் முகம் கனன்று சிவந்து, அந்த அக்கா அழுதுகொண்டே வந்தார். இதை முன்பே சொல்லியிருந்தேன், ஆனாலும் சொல்லிக் கேட்பது வேறு, அனுபவிப்பது வேறு. கன்னத்துக்கு வெறும் ஈரப்பதக் க்ரீம், ராத்திரி தூங்க ஒரு அரிப்பு மாத்திரை, அவ்வளவுதான் கொடுத்தேன். நான்காம் வாரம் செதில் இல்லை, அரிப்பு இல்லை, எல்லாம் போய்விட்டது என்றார். சுரண்டிப் பார்த்தால் தொடையில் இழைகள் இன்னும் இருந்தன. இந்த இடத்தில்தான் நிறையப் பேர் வராமல் நின்றுவிடுகிறார்கள், பிறகு நோய் திரும்பி வந்துவிட்டதாகச் சொல்கிறார்கள். அது போகவே இல்லை என்பதுதான் விஷயம். எட்டாம் வாரம் இடுப்பும் முகமும் சுத்தம், தொடையில் மட்டும் ஓரிரு இழை. பன்னிரண்டாம் வாரம் எந்தத் தகட்டிலும் ஒன்றும் இல்லை. கணவருக்கு இன்னும் மூன்று வாரம் கூடுதலாக ஆனது. தொடையிலிருந்த ஊதா வரிகள் வெளுத்துவிட்டன, ஆனால் மறையவில்லை. அவை இனி மறையப்போவதும் இல்லை.

இந்தக் குடும்பத்தைப் பதிவேட்டில் தேடினால் என்ன தெரியும்? மூன்று தேதிகளில் நான்கு படர்தாமரை, இன்னொரு பதிவேட்டில் ஒரு தொழுநோய். நால்வரும் ஒரே வீடு என்பதோ, ட்யூப் என்பதோ எங்கேயும் இல்லை. ஓ.பி. பதிவேட்டை வைத்து ஊரின் தோல் நோயைச் சொல்ல முயலும்போது இதை நினைவில் வைக்க வேண்டும் என்று நினைக்கிறேன். எங்கள் ஓ.பி.யின் காலண்டர் எனக்கு மனப்பாடம். சித்திரை, வைகாசியில் வேர்க்குருவும் வேனல் கட்டியும். பள்ளி விடுதிகள் திறந்த கொஞ்ச வாரத்தில் சிரங்கு, அதுவும் உடனே வராது, முதல் முறை பூச்சி தொற்றினால் அரிப்பு தொடங்க நான்கு முதல் ஆறு வாரம் ஆகும். ஐப்பசி மழையில் சேத்துப்புண். மார்கழியில் வறண்டு வெடித்த கால்கள். வருடம் முழுக்க, சீசனே இல்லாமல், சிமென்ட்டில் வேலை செய்து கை வெடித்த கொத்தனார்கள், ஹேர் டை போட்டு முகம் வீங்கியவர்கள், ஸ்டிக்கர் பொட்டு வைத்த இடம் வெளுத்தவர்கள். அக்கி வந்து காவி எழுதிவிட்டு, வலி தாங்காமல் ஐந்தாறு நாள் கழித்து வரும் பெரியவர்கள். முன்பு படர்தாமரையும் கோடையிலும் மழையிலும் ஏறி, குளிரில் இறங்கும். இப்போது இறங்குவதே இல்லை. பன்னிரண்டு மாதமும் ஒரே மட்டத்தில் நிற்கும் நோயைப் பார்த்தால், அதற்கு வானிலை காரணமில்லை என்று எனக்குத் தோன்றுகிறது.

சட்டம் இல்லாமல் இல்லை. 2018 மார்ச்சில் மத்திய அரசு 14 ஸ்டீராய்டு களிம்புகளை மருத்துவர் சீட்டு இல்லாமல் விற்கக் கூடாத பட்டியலுக்குள் கொண்டுவந்தது. அதே வருடம் செப்டம்பரில் தடை செய்த 328 கூட்டு மருந்துகளில் ஸ்டீராய்டையும் பூஞ்சை மருந்தையும் கலந்த க்ரீம்கள் சிலவும் இருந்தன. தோல் மருத்துவர் சங்கம் பல வருடம் போராடியதன் பலன் அது. அந்த அக்காவின் ஏழு ட்யூபில் ஆறுக்குச் சீட்டே கிடையாது. மெடிக்கல்காரரை மட்டும் திட்டிவிட்டுப் போக எனக்கு மனம் வரவில்லை. இரவு ஒன்பது மணிக்கு வேலை விட்டு வருகிறவருக்குத் திறந்திருப்பது அந்தக் கடை மட்டும்தான், நாங்கள் மதியத்தோடு ஓ.பி.யை மூடிவிடுகிறோம். எழுதிக்கொடுத்த கிளினிக்குகளும் இருக்கின்றன, சீக்கிரம் அரிப்பு நிற்க வேண்டும் என்று எங்களை நெருக்கும் நோயாளிகளும் இருக்கிறார்கள்.

நான் செய்ததெல்லாம் சின்ன மாற்றம். என் நோட்டில் கையால் இரண்டு பத்தி போட்டேன். ஒன்றில், வீட்டில் எத்தனை பேர், எத்தனை பேருக்கு அரிப்பு. இன்னொன்றில், வரும் முன் என்ன தடவினீர்கள். காலி ட்யூபைத் தூக்கிப்போடாமல் கொண்டுவரச் சொல்கிறேன், ஏனென்றால் பெயர் யாருக்கும் நினைவிருப்பதில்லை, 'வெள்ளை ஆயின்மென்ட்' என்பார்கள். பயிற்சி மருத்துவர்கள் கூட வந்தவரையும் ஒரு தடவை பார்த்துவிட்டுத்தான் சீட்டை முடிக்க வேண்டும் என்று சொல்லியிருக்கிறேன். ஒருவருக்கு மூன்று நிமிடம் அதிகமாகிறது. வரிசையில் நிற்பவர்கள் கோபப்படுகிறார்கள், அவர்கள் கோபமும் நியாயம்தான்.

மருந்து முடிந்து மூன்று மாதம் கழித்து அந்த அக்கா வந்தார். மறுபடி கிளம்பிவிட்டதோ என்று பதறிவிட்டேன். அவருக்கு ஒன்றுமில்லை. லைன் வீட்டில் மூன்றாவது வீட்டுப் பெண்ணை, இருபது வயது இருக்கும், கையைப் பிடித்து இழுத்துவந்திருந்தார். அந்தப் பெண் துப்பட்டாவால் கன்னத்தை மூடிக்கொண்டிருந்தாள். அக்கா மேசை மேல் ஒரு ட்யூபை வைத்தார். அது சுருட்டப்படாமல், குண்டாகவே இருந்தது.

"இன்னும் முக்காவாசி இருக்குதுங்க டாக்டரம்மா" என்றார். "நேத்துதான் வாங்கியிருக்குது. பார்த்தவொடனே புடுங்கிட்டுக் கூட்டியாந்துட்டேன்."